உரோமை சொன்னதும் மாற்றிச் சொன்னதும்

திருத்தந்தையின் தவறா வரம் பற்றி மதுரையில் பேச்செடுத்தால் இரண்டு வகைப் பதில்தான் பெரும்பாலும் வரும். சீர்திருத்த சபைக்காரர், "பாப்பரசர் தப்பே பண்ணமாட்டார்னு நம்புறவங்க நீங்க" என்பார். கத்தோலிக்கர் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் சங்கடமாகவும், "அவர் சொன்னா சொன்னதுதான்" என்பார். இரண்டு பேரும் தொட்டுப் பேசுவது கோட்பாட்டை அல்ல, அதன் நிழலை.

கோட்பாடு சொல்வது மிகக் குறுகிய ஒன்று. 1870 ஜூலை 18-ல் முதலாம் வத்திக்கான் சங்கம் நிறைவேற்றிய 'பாஸ்தோர் எத்தெர்னுஸ்' ஏட்டின் நான்காம் அதிகாரத்தில் அது இருக்கிறது. எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற நிலையில், தம் உச்ச அதிகாரத்தைக் கொண்டு, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழுத் திருச்சபையும் ஏற்கவேண்டியது என்று திருத்தந்தை வரையறுத்தால், அந்த வரையறையில் பிழை நேராதபடி கடவுள் காக்கிறார். வரையறை தன்னளவிலேயே மாற்ற முடியாதது. திருச்சபையின் ஒப்புதல் அதற்குப் பின்னால் தேவையில்லை. அவர் பாவம் செய்யலாம், அரசியலில் தவறலாம், மறையுரையில் உளறலாம். இவை எதுவும் இந்த வரம்புக்குள் வராது.

1870-க்குப் பிறகு இந்த முறையில் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: 1950 நவம்பர் 1-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த மரியாவின் விண்ணேற்பு. அதற்கு முன் 1854-ல் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த அமல உற்பவத்தையும் இறையியலர் இதே கணக்கில் சேர்ப்பார்கள். விண்ணேற்பை அறிவிக்கும் முன்பு 1946-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் உலகெங்கும் ஆயர்களுக்கு மடல் அனுப்பி, உங்கள் குருக்களும் மக்களும் இதை நம்புகிறார்களா என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாரும் ஆம் என்றார்கள்.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்திருக்கும். இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷனின் முக்கிய ஊர்களில் ஒன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் பணிசெய்த ஊர். அங்குள்ள கோயிலின் மாதா பரலோக மாதா. ஆகஸ்ட் 15-ல் தேர். உரோமை வரையறுத்ததால் அந்தக் கரிசல் ஊரில் யாருடைய நம்பிக்கையும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிழைபடாதது என்று கத்தோலிக்கத் திருச்சபை கூறும் அறிவிப்பு மதுரைச் சீமையில் ஒருவரது வாழ்க்கையையும் புரட்டிப்போடவில்லை.

அப்படியானால் புரட்டிப்போட்டது எது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மதுரை மிஷனின் நானூறு ஆண்டுகளைப் பார்த்தால், தவறா வரம் பற்றிய விவாதம் வேறு முகம் காட்டுகிறது. இங்கே வாழ்க்கையை மாற்றிய உரோமை ஆணைகள் எல்லாமே தவறக்கூடிய ஆணைகள். ஒரு திருத்தந்தை கொடுத்ததை இன்னொருவர் பறித்தார். அவர் பறித்ததை வேறொருவர் காலத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கீழ்ப்படிதல் மட்டும் முழுசாகக் கேட்கப்பட்டது.

பூணூலும் குடுமியும்

இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தபோது, இங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி பதினொரு ஆண்டுகளாக இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து மதுரைக்கு வந்து வாழ்ந்த பரதவர்களுக்கு அவர் ஆன்ம குரு. நகரத்தின் இந்துக்களில் ஒருவரும் அவரிடம் வந்து சேரவில்லை. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது, பரங்கியாவது என்றால் மாடு தின்று குடித்துச் சாதி கெடுவது என்றுதான் ஊர் புரிந்து வைத்திருந்தது. நொபிலி தனி வீடு பார்த்துக்கொண்டார். காவி கட்டினார், புலால் விட்டார், பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழில் எழுதினார். ஞானஸ்நானம் பெற்ற உயர்சாதியார் பூணூலையும் குடுமியையும் சந்தனப் பொட்டையும் வழக்கமான குளியலையும் விடவேண்டியதில்லை என்றார்.

பெர்னாந்தஸ் மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போனது, அங்கிருந்து உரோமைக்கு. இவ்விடத்தில் ஒரு பெயரைக் கவனிக்க வேண்டும்: கர்தினால் ராபர்ட் பெல்லார்மின். நொபிலிக்கு உறவினர். திருத்தந்தையின் போதனை அதிகாரம் பிழைபடாது என்று அந்தக் காலத்தில் மிகத் திறமாக வாதாடிய இறையியலர் அவர்தான். 1870-ல் வென்ற கட்சி அவர் எழுத்தைப் பெரிதும் எடுத்தாண்டது. மதுரைச் செய்தி காதுக்கு எட்டியதும் அவர் நொபிலியைக் கண்டித்து எழுதினார். நொபிலியின் விளக்கங்களைப் படித்தபின் மனம் மாறினார். தவறா வரத்தின் பெரிய வழக்கறிஞரே மதுரை விஷயத்தில் முதலில் தவறான தகவலை நம்பித் தீர்ப்புச் சொன்னார் என்பதைக் கேலியாகச் சொல்லவில்லை. முழு விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் கேள்வி போதனையைப் பற்றியது அல்ல. சிலை வழிபாடு கூடாது என்பதில் நொபிலிக்கும் பெர்னாந்தஸுக்கும் இம்மியளவு வேறுபாடு இல்லை. பூணூல் சமயச் சின்னமா, குலச் சின்னமா என்பதுதான் கேள்வி. இது மதுரை வீதியில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நொபிலி அப்படித்தான் செய்தார். சாத்திரங்களைக் காட்டி, இங்குள்ள பிராமணர்களிடம் சான்றொப்பமும் வாங்கி, 1613-ல் நீண்ட அறிக்கை எழுதினார். பூணூல் இரண்டும்தான் என்று இன்றைக்கு ஒரு மானிடவியலர் சொல்லக்கூடும். ஆனால் அப்படிச் சொல்லும் வசதி நொபிலிக்கு இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

1623 ஜனவரி 31-ல் பதினைந்தாம் கிரகோரியார் 'ரொமானே செதிஸ் அந்திஸ்தெஸ்' என்ற ஆணையில் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். திருமலை நாயக்கர் மதுரையில் பட்டத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ஆணையின் தொனியில் எச்சரிக்கை இருந்தது. பூணூல் கோயிலில் வாங்கியதாக இருக்கக்கூடாது, குரு ஆசீர்வதித்துத் தரவேண்டும், குளியல் உடல் சுத்தத்துக்காக மட்டும், இவையெல்லாம் திருப்பீடம் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை. கடைசியில் ஓர் அறிவுரையும் உண்டு: உயர்குடியில் பிறந்தவர்கள் எளிய குலத்தாரை, முக்கியமாக இறைவார்த்தை கேட்கும்போதும் அருட்சாதனங்கள் பெறும்போதும், இழிவாக எண்ணக்கூடாது. அந்த வரிக்குக் கட்டுரையின் முடிவில் வருவோம்.

தூர்நோன் பாண்டிச்சேரியில்

எண்பது ஆண்டுகள் கழித்துக் காற்று மாறியது. பாண்டிச்சேரியில் கப்புச்சின் துறவிகளுக்கும் பிரெஞ்சு இயேசு சபையாருக்கும் பங்கு எல்லை பற்றித் தகராறு; அதில் தமிழ்ச் சடங்குகளும் இழுக்கப்பட்டன. திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்ட ஷார்ல் தொமா மயார் தெ தூர்நோன் 1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் இறங்கினார். உடல்நலம் கெட்டு அங்கேயே தங்கினார். மதுரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு இயேசு சபைக் குருக்களிடம் கேட்டறிந்ததை வைத்து, 1704 ஜூனில் பதினாறு அம்சங்கள் கொண்ட ஆணையை எழுதி, ஜூலையில் வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார்.

ஞானஸ்நானச் சடங்கில் எச்சில் தொட்டு வைப்பதைத் தமிழர்கள் அருவருத்ததால் குருக்கள் விட்டிருந்தார்கள், விடக்கூடாது என்றார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, நூற்றெட்டு இழைத் தாலிக்கயிறு கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது, பெண் பெரியவளானதற்குச் சடங்கு கூடாது, திருநீறு கூடாது. கிறிஸ்தவ மேளகாரர்கள் கோயில் விழாக்களில் வாசிக்கக்கூடாது. இதுவரை படித்தால் ஐரோப்பியத் திமிர் என்று தோன்றும். ஆனால் அதே பட்டியலில் இன்னும் இரண்டு உண்டு. மாதவிடாய் நாள்களில் பெண்களைக் கோயிலுக்கும் அருட்சாதனங்களுக்கும் வரவிடாமல் தடுக்கக்கூடாது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய்த்தான் அருட்சாதனம் தரவேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொல்லக்கூடாது.

இங்கே வாசகர் ஒரு பக்கம் சாய்வது எளிது, நியாயமாக இருப்பது கடினம். தாலி விஷயத்தில் தூர்நோன் ஊர் தெரியாதவர். வாசற்படி விஷயத்தில், ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் மறுத்த ஒன்றை அவர் கேட்டார். நொபிலி வழிவந்த குருக்கள் பிராமண சந்நியாசி வேடத்தைக் காப்பாற்ற ஒரு விலை கொடுத்தார்கள். அந்த விலையை உண்மையில் கொடுத்தவர்கள் சேரியில் சாகக் கிடந்தவர்கள்.

நாற்பது ஆண்டுகள் மேல்முறையீடு, விளக்கம், இழுபறி. 1734-ல் பன்னிரண்டாம் கிளமென்ட் சிலவற்றைத் தளர்த்தினார். 1739-ல் குருக்கள் எல்லாரும் சத்தியம் செய்து கீழ்ப்படியவேண்டும் என்றார். 1744 செப்டம்பர் 12-ல் பதினான்காம் பெனதிக்து 'ஓம்னியும் சொல்லிசித்துதினும்' ஏட்டில் விவகாரத்தை முடித்தார். தூர்நோன் ஆணை பெரும்பாலும் நிலைத்தது. பறையர் வீட்டுக்குப் போகும் பிரச்சினைக்கு இயேசு சபையார் சொன்ன வழி, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. திருத்தந்தை அதை ஏற்றார். சாதியை மீறச் சொன்ன ஆணை, சாதிக்கொரு குரு என்ற ஏற்பாட்டில் போய் முடிந்தது.

பதினான்காம் பெனதிக்து சாதாரண ஆளும் அல்ல. லம்பெர்த்தினி என்ற பெயரில் புனிதர் பட்ட வழக்குகளைப் பல ஆண்டுகள் நடத்தியவர்; அந்தத் துறையின் பெருநூலை எழுதியவர். ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கையில் திருத்தந்தை தவற முடியுமா என்ற கேள்வியை அந்நூல் நீளமாக விவாதிக்கிறது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த மதுரை மிஷன் குரு அருளானந்தரின் வழக்கு அவரிடம் வந்தது. பின்னால் தடைபட்ட சடங்குகளைக் கைக்கொண்டவர் ஆயிற்றே என்ற ஆட்சேபம் எழுந்தது. அது தடையல்ல என்று 1741-ல் தீர்ப்பளித்தார். மூன்றே ஆண்டுகளில் அதே சடங்குகளை இறுதியாகத் தடைசெய்தவரும் அவரே. அருளானந்தருக்கு 1853-ல் முத்திப்பேறு பட்டமும், 1947-ல் பன்னிரண்டாம் பத்திநாதரால் புனிதர் பட்டமும் கிடைத்தன. காவி உடையுடன் நிற்கும் அந்தச் சிலைகளை இன்று மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைக் கோயில்களில் எங்கும் பார்க்கலாம்.

யார் கையைக் கட்டுவது

தவறா வரத்தின் ஆதரவாளர்கள் இவ்வளவுக்கும் ஒரே வரியில் பதில் சொல்வார்கள்: இவை ஒழுங்குமுறை ஆணைகள், போதனை வரையறைகள் அல்ல. சட்டப்படி பதில் சரி. ஆனாலும் முழுமையாகத் தப்ப முடியாது. மூடநம்பிக்கை, சிலை வழிபாடு என்ற சொற்களை ஓர் ஆணை பயன்படுத்தும்போது அது ஒழுக்கம் பற்றிய தீர்ப்பின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் இறையியலர் யான்சன் எழுதிய நூலைப் பற்றி இதே சண்டை நடந்தது. ஒரு கருத்து தவறு என்று உரோமை சொன்னால் ஏற்போம், ஆனால் அந்தக் கருத்து இந்த நூலில் இருக்கிறது என்பது வெறும் செய்தி. அதில் உரோமை தவறலாம் என்று யான்சன் தரப்பு இறையியலர் ஆர்னோ வாதாடினார். மதுரைக்கும் அதுவே பொருந்தும். சிலை வழிபாடு தவறு என்பது போதனை. நூற்றெட்டு இழைக் கயிறு சிலை வழிபாடு என்பது செய்தி.

இன்னொரு கோணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவறா வரம் என்றால் திருத்தந்தையின் அதிகாரத்தைப் பெருக்குவது என்றே நினைக்கிறோம். 1972-ல் வெளிவந்த நூலில் வரலாற்றாசிரியர் பிரையன் தியர்னி இதைத் தலைகீழாக்கினார். இக்கருத்தைத் தெளிவாக முன்வைத்த முதல் ஆள் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறுதியில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி பீட்டர் ஒலிவி என்றார். மூன்றாம் நிக்கோலாஸ் 1279-ல் தம் சபையின் ஏழ்மைக்கு அளித்த அங்கீகாரத்தைப் பின்வரும் திருத்தந்தை யாரும் மாற்றிவிடக்கூடாது என்பது ஒலிவியின் கவலை. இருபத்திரண்டாம் யோவான் பின்னால் மாற்றத்தான் செய்தார். முந்தியவர் கட்டியதைத் தாம் அவிழ்க்க முடியாது என்ற வாதத்தை 1324-ல் நிராகரித்தார். தியர்னியின் ஆய்வை மறுப்போர் உண்டு. ஆனால் அவர் காட்டும் தர்க்கம் மறுக்க முடியாதது: பிழைபடாத தீர்ப்பு முதலில் கட்டுவது அடுத்த திருத்தந்தையின் கையை.

மதுரையில் 1623 ஆணை அப்படிக் கட்டியிருந்தால் 1744 வந்திருக்காது. 1744 ஆணை கட்டியிருந்தால், உரோமையின் மறைபரப்புப் பேராயம் 1940-ல் குருக்களிடம் கேட்கப்பட்டுவந்த அந்தச் சத்தியப் பிரமாணத்தை நீக்கியிருக்க முடியாது. இந்த மிஷன் பட்ட காயமும் அதற்குக் கிடைத்த மருந்தும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

மற்ற ஆணைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1773-ல் பதினான்காம் கிளமென்ட் இயேசு சபையையே கலைத்தார். போர்ச்சுகல் 1759-லேயே அவர்களை வெளியேற்றியிருந்ததால் ஏற்கெனவே தேய்ந்திருந்த மதுரை மிஷன் ஏறக்குறைய அநாதையானது. 1814-ல் ஏழாம் பத்திநாதர் சபைக்கு மறுஉயிர் கொடுத்தார். பிரெஞ்சு இயேசு சபையார் 1838-ஐ ஒட்டி மதுரைச் சீமைக்குத் திரும்பியபோது கோயில்கள் கோவாக் குருக்களின் கையில் இருந்தன. அதே ஆண்டு பதினாறாம் கிரகோரியார் 'முல்தா ப்ரெக்லாரே' என்ற மடலால் மயிலாப்பூர் உட்படப் பல மறைமாவட்டங்களில் போர்ச்சுகல் அரசரின் ஞானாதரவு உரிமையை, பத்ரோவாதோ எனப்பட்டதை, ரத்துசெய்தார். கோவாத் தரப்பு ஏற்கவில்லை. அரசரின் சம்மதமில்லாத மடல் செல்லாது, திருத்தந்தைக்குத் தவறான தகவல் தரப்பட்டிருக்கிறது என்றது. விளைவு, ஊருக்கு ஊர் இரண்டு கட்சி, ஒரே கோயிலுக்கு இரண்டு உரிமை, திறவுகோலுக்கு நீதிமன்ற வழக்கு. 1857, 1886 உடன்படிக்கைகள்தான் படிப்படியாக அதைத் தணித்தன. இயேசுவின் பிரதிநிதி சொன்னதை ஏற்கமாட்டேன் என்ற அந்தக் கோவாக் குருக்கள் தங்களைக் கத்தோலிக்கர் அல்லர் என்று ஒருபோதும் நினைக்கவில்லை.

இந்தப் பின்னணியோடு 1870-க்கு வரவேண்டும். சங்கத்தில் கூடிய ஏறக்குறைய எழுநூறு பேரில் இந்தியாவின் விகார் அப்போஸ்தலிக்குகளும் இருந்தனர். மறைபரப்புப் பேராயத்தால் நியமிக்கப்பட்டு, அதனாலேயே நீக்கப்படக்கூடியவர்கள். இவர்கள் வாக்கு சுதந்திரமானதா என்று எதிர்த்தரப்பு முணுமுணுத்தது. ஜூலை 13 முன்னோட்ட வாக்கெடுப்பில் 451 பேர் ஆம், 88 பேர் இல்லை, 62 பேர் திருத்தங்களோடு ஆம். எதிர்த்தவர்கள் பலர் இறுதி நாளுக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஜூலை 18-ல் 533 ஆம், இரண்டே இல்லை. மறுநாள் பிரான்ஸ் பிரஷ்யாவின்மேல் போர் அறிவித்தது; செப்டம்பர் 20-ல் உரோமை நகரம் இத்தாலியப் படையிடம் விழுந்தது. சங்கம் பாதியில் நின்றது.

எல்லாரும் சண்டையிட்டது நான்காம் அதிகாரத்துக்காக. மதுரைக்குப் பொருள் உள்ளது மூன்றாவது. உலகின் ஒவ்வொரு கோயில்மேலும் ஒவ்வொரு விசுவாசிமேலும் திருத்தந்தைக்கு முழுமையான, நேரடியான ஆளுகை உண்டு. விசுவாசத்தில் மட்டுமல்ல, ஒழுங்கிலும் நிர்வாகத்திலும் கீழ்ப்படிதல் கடமை என்கிறது அது. தாலியும் குடுமியும் கோவாக் குருவின் திறவுகோலும் வந்துசேரும் அதிகாரம் அதுதான். அதற்குப் பிழையின்மை தேவையில்லை.

1870-க்குப் பின் வந்த விவாதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நடக்கிறது. ஆங்கிலேய இறையியலர் நியூமன் 1875-ல் நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய மடலில் நான்காம் அதிகாரத்தை முடிந்தவரை சுருக்கி வாசித்தார். மனச்சான்றுக்கு இடம் கேட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆயர் குழுவையும் அந்த வரத்தில் சேர்த்தது. ஹான்ஸ் கூங் 1970-ல் கோட்பாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். 1979-ல் கத்தோலிக்க இறையியலராகக் கற்பிக்கும் அனுமதியை இழந்தார். நமக்கு அருகில் இலங்கையின் இறையியலர் திஸ்ஸ பாலசூரிய 1997 ஜனவரியில் திருச்சபை விலக்கத்துக்கு உள்ளானார். மரியாவையும் பிறவிப் பாவத்தையும் பற்றி எழுதிய நூலுக்காக, தமக்கென்றே எழுதித் தரப்பட்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட மறுத்தவர் அவர். பெண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. ஓராண்டில் விலக்கம் நீங்கியது. பெண் குருத்துவ மறுப்பு 1994-ல் இரண்டாம் அருள் சின்னப்பரின் மடலாக வந்தது; அடுத்த ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அது திருச்சபையின் பொதுப் போதனையால் பிழையின்றிக் கற்பிக்கப்பட்டது என்றது. அவ்வாறு அறிவித்த பேராயத்துக்குத் தவறா வரம் கிடையாது என்று பல இறையியலர் உடனே சுட்டினார்கள். எது பிழைபடாதது என்று சொல்கிற கூற்றே பிழைபடக்கூடியதாக இருப்பது இந்தக் கோட்பாட்டின் தீராத சிக்கல்.

மதுரையோ தன் போக்கில் போனது. 1938-ல் தனி மறைமாவட்டம், ஆயர் ஜே.பி. லெயோனார்டு; 1953-ல் உயர் மறைமாவட்டம். 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு பண்பாட்டுத் தழுவல்களை உரோமை ஏற்றது: கைகூப்பி வணங்குதல், ஆரத்தி, குத்துவிளக்கு. நொபிலி இருந்தால் மகிழ்ந்திருப்பார். இன்று கல்யாணத் திருப்பலியில் குரு தாலியை ஆசீர்வதித்துத் தருகிறார். பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பங்கு மண்டபமே வாடகைக்குக் கிடைக்கிறது. 1744-ன் பெரும்பகுதி ஓசையில்லாமல் உதிர்ந்துவிட்டது. இந்தத் தழுவல் உயர்சாதி வைதிக மரபைத்தானே இந்தியப் பண்பாடு என்கிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். சில கோயில்களில் பறை வந்தது. அந்தக் கேள்வி சரியான கேள்வி.

இப்போது 1623-ன் அந்தக் கடைசி அறிவுரை. அதே ஆணையில், அதே திருத்தந்தை, அதே அதிகாரத்தோடு சொன்னது. பூணூல் பகுதியை இங்குள்ளவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். எளிய குலத்தாரை இழிவாக எண்ணாதீர்கள் என்ற பகுதி காகிதத்தில் கிடந்தது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்க 1910 ஆகிவிட்டது. 2003 நவம்பரில் சென்னை-மயிலை, மதுரை, புதுவை மாநில ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, சாதி வேற்றுமை கிறிஸ்தவ வாழ்வுக்கு முரண் என்று இரண்டாம் அருள் சின்னப்பர் அவர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். அது தவறா வரத்துக்கு உட்பட்டதா என்று தமிழ்நாட்டில் ஒருவரும் விவாதிக்கவில்லை. தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகளில் அது இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.